உபகாரமும் பரிசோதனையும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



நமது தர்ம நிதியிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பொருளுதவியும், மாணாக்கருக்கு உபகாரச் சம்பளமும் அளித்து வருகிறோம் என்பதை யாவரும் அறிவீர்கள். இனி இவ்வுதவியை வேண்டுவோர், தம் குடும்பத் தலைவர் மதுவையும் லாகிரி வஸ்துக்களையும் தொடாதவர் என்பதற்கு வைத்தியப் பரிசோதனை செய்து அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று அங்கத்தினர் சிலர் ஒரு பிரேரணை கொடுத்திருக்கின்றனர். அதனைக் கொடுத்தவர்கள் நல்ல எண்ணம் உடையவர்களே. தாம் வியர்வை சிந்தி ஈட்டிக் கொடுத்த பொருள் ஒருவனுடைய குடிக்குப் போய்விடலாகாது என்னும் கவலை நியாயமான கவலையே. ஆகவே அப்பிரேரணையை இகழ்ந்து பேச நாம் வரவில்லை. இதே எண்ணத்தை ஒரு பெரிய தேசத்தார் சட்டமாக்கிப் பார்த்து, அதனால் விளைந்த பலனையும் கணக்கிட்டு வைத்திருக்கின்றனர். அக்கணக்கை உங்கள்முன் வைத்துப் பின்னர் நமது அபிப்பிராயத்தைச் சொல்லுவதே இன்றைய நோக்கம்.

அத்தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே குழந்தைகளையுடைய வறிய குடும்பங்களுக்குச் சர்க்கார் ரொக்கமாக உதவி செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி ஜனாதிபதி பில் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டம் ஒன்று அவ்வுதவியின் முறையை முற்றிலும் மாற்றியமைத்தது. அதுவரையில் தகுதியுள்ளோர்க்கெல்லாம் கிடைக்க வேண்டிய உரிமையாயிருந்த உதவி, அதன்பின் காலவரையறையும் வேலை நிபந்தனையும் உடையதாயிற்று. மத்திய சர்க்கார் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துவிட, அதைச் செலவிடும் விதிகளைப் பெரும்பாலும் மாகாணங்களே வகுத்துக்கொள்ளலாயின. உதவி பெறுவோர் லாகிரி வஸ்துக்களை உபயோகிக்கின்றனரா என்று மாகாணங்கள் பரிசோதிக்கலாம் என்றும், பரிசோதனையில் தவறியவர்களைத் தண்டிக்கலாம் என்றும் அதே சட்டம் இடங்கொடுத்தது. லாகிரிக் குற்றத்துக்காகப் பெருந்தண்டனை அடைந்தவர் ஆயுட்காலம் முழுதும் ரொக்க உதவியும் உணவு உதவியும் பெறலாகாது என்று மற்றொரு பிரிவு விதித்தது. அவ்விதியைத் தளர்த்திக்கொள்ள மாகாணங்களுக்கு அதிகாரம் இருந்தமையால் பெரும்பாலானவை பிற்காலத்தில் தளர்த்திவிட்டன.

முதன்முதல் எல்லோரையும் பரிசோதிக்கத் துணிந்தது மிச்சிகன் மாகாணம். 1999-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், மாகாணத்தின் மூன்று இடங்களில் பரீட்சார்த்தமாக இது தொடங்கப்பெற்றது. யார்மீதும் சந்தேகம் உண்டா இல்லையா என்று பாராமல், விண்ணப்பம் போட்ட யாவரும் சிறுநீர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து வாரத்துக்குள் நியாயஸ்தலம் அதனை நிறுத்திவிட்டது. அதற்குள் பரிசோதிக்கப்பட்டவர்கள் 268 பேர். அவர்களுள் லாகிரி காணப்பட்டவர்கள் 21 பேர். அந்த 21 பேரிலும் 18 பேரிடம் கஞ்சா ஒன்றே காணப்பட்டது; ஏனைய கொடிய வஸ்துக்கள் காணப்பட்டவர் மூவரே. வழக்கு மேல் நியாயஸ்தலத்துக்குச் சென்றபோது 2002-ல் ஒரு தீர்ப்பு மாகாணத்துக்குச் சாதகமாயிற்று. 2003-ல் நியாயாதிபதிகள் அனைவரும் கூடி மறுபடி விசாரித்தபோது இரு சமபாகமாகப் பிரிந்தமையால், முதல் நியாயஸ்தலத்தின் தடையே நிலைத்தது.

இதனினும் நமக்குப் பெரும்பாடமாவது பிளாரிடா மாகாணத்தின் வரலாறு. அம்மாகாணத்தில் ரிக் ஸ்காட் என்பவர் கவர்னராயிருந்த காலத்தில், 2011-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ரொக்க உதவி வேண்டுவோர் ஒவ்வொருவரும் தம் கைப்பணத்தைக் கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; குற்றமில்லையென்று தெரிந்தால் அப்பணம் பின்னர் உதவித் தொகையோடு சேர்த்துத் திருப்பித் தரப்படும்; லாகிரி காணப்பட்டால் ஒரு வருஷத்துக்கு உதவி இல்லை; மறுமுறையும் காணப்பட்டால் மூன்று வருஷத்துக்கு இல்லை. குழந்தைகளின் பங்கைப் பெற்றோருக்குப் பதிலாக வேறொருவர் வாங்கிக் கொடுக்கலாம். ஆயின் அவரும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். இத்தனையும் விதித்த சட்டம், லாகிரிக்கு அடிமைப்பட்டவன் என்று கண்டுபிடிக்கப்பட்டவனுக்குச் சிகிச்சை அளிக்கும் பொறுப்போ அச்செலவை ஏற்கும் பொறுப்போ சர்க்காருக்கு இல்லை என்றும் கூறிவிட்டது. நோயைக் கண்டுபிடிப்போம், மருந்து கொடுக்க மாட்டோம், சோற்றையும் நிறுத்துவோம் என்றால், அதனைச் சீர்திருத்தம் என்று சொல்லக்கூடுமோ?

அச்சட்டம் நடைமுறையில் இருந்தது ஏறத்தாழ நான்கு மாதமே. அக்காலத்தில் பரிசோதிக்கப்பட்டவர்கள் 4,046 பேர். லாகிரி காணப்பட்டவர்கள் 108 பேர். அதாவது நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சட்டத்தை ஆதரித்துப் பேசியவர்கள் உதவி பெறும் ஏழைகளிடையே இப்பழக்கம் மிகுதி என்று சொல்லி வந்தனர். அமெரிக்க தேசத்து ஜனங்களுள் 12 வயதுக்கு மேற்பட்டவர்களை விசாரித்து எடுக்கும் கணக்கின்படி, 2010-ல் அந்த ஒரு மாதத்துக்குள் சட்டவிரோதமான லாகிரியை உபயோகித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர். விசாரித்து எடுக்கும் கணக்கும் சிறுநீரைச் சோதித்து எடுக்கும் கணக்கும் ஒன்றல்ல என்பது மெய்யே. இரண்டையும் துலாக்கோலில் சமமாக நிறுக்கலாகாது. ஆயினும் ஏழை என்றால் லாகிரிக்காரன் என்று கருதியவர்களின் கருத்துக்கு இவ்வெண்கள் ஒரு சிறிதும் துணை செய்யவில்லை என்பது வெளிப்படை.

பணம் மிச்சமாயிற்றா என்றால் அதுவும் இல்லை. குற்றமற்றவர் என்று தெரிந்த 3,938 பேருக்கும் பரிசோதனைச் செலவாகச் சர்க்கார் திருப்பிக் கொடுத்த தொகை 1,18,140 டாலர். தலைக்குச் சராசரி 30 டாலர். தவறியவர்களுக்குக் கொடாமல் மிச்சம் பிடித்த தொகையைக் கழித்துப் பார்த்த பின்னும் 45,780 டாலர் நஷ்டமே எஞ்சியது. உத்தியோகஸ்தர் சம்பளமும் வழக்குச் செலவும் இக்கணக்கில் சேராதவை. பொதுப்பணத்தைக் காப்பதற்கென்று பிறந்த சட்டம் பொதுப்பணத்தையே தின்றது.

தொகையின் சிறுமையை நோக்குமிடத்து மற்றொன்றும் புலப்படும். அக்காலத்தில் பிளாரிடாவில் மூவருள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச உதவி 303 டாலர். அதனைப் பெறுமுன்பே 30 டாலர் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கையில் காசில்லாமையால் உதவி கேட்கப் போனவளிடம், வரப்போகும் உதவியில் பத்தில் ஒரு பங்கை முன்னதாக எடுத்து வை என்பது எவ்வளவு விபரீதம் என்று நம் தாய்மார்களே நன்கு உணர்வார்கள்.

இச்சட்டத்தை எதிர்த்து நின்றவர் கடற்படையில் சேவை செய்து விலகிக் கல்லூரியில் பயின்றுகொண்டு, தம் இளம் மகனையும் வளர்த்து வந்த ஒருவர். தம்மீது யாதொரு சந்தேகமும் இல்லாதிருக்கத் தம் உடலைச் சோதிக்கச் சர்க்காருக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். அத்தேசத்து அரசியலமைப்புச் சட்டத்தின் நான்காம் திருத்தம், காரணமின்றி ஒருவருடைய உடலையும் இல்லத்தையும் சோதனையிடுவதைத் தடுக்கின்றது. 2011-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நியாயாதிபதி மேரி ஸ்க்ரிவென் என்னும் அம்மையார் சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார். 2013-ம் வருஷக் கடைசி நாளில் அது செல்லாது என்றே தீர்ப்பளித்தார். 2014-ம் வருஷம் டிசம்பரில் மேல் நியாயஸ்தலமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வறுமையினால் உதவி கேட்கும் ஒருவர், அக்காரணத்தால் மட்டுமே ஏனையோர்க்குள்ள பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

இங்கே அத்தேசத்தின் பழைய வழக்கொன்றையும் நினைவுகூர்வது தகும். ரயில் விபத்தில் சம்பந்தப்பட்ட ஊழியரையும், துப்பாக்கி ஏந்தும் சுங்க உத்தியோகஸ்தரையும் சந்தேகமின்றியே பரிசோதிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ல் அனுமதித்திருந்தது. அவர்கள் பிழைசெய்தால் பிறர் உயிருக்கு உடனே ஆபத்து என்பதே காரணம். ஆனால் ஜார்ஜியா மாகாணம், உயர்ந்த பதவிகளுக்கு நிற்கும் அபேட்சகர்கள் லாகிரிப் பரிசோதனை செய்துகொண்டு அத்தாட்சி தர வேண்டும் என்று 1990-ல் ஒரு சட்டம் செய்தபோது, அச்சட்டத்தை 1997-ல் அதே கோர்ட்டு எட்டு நியாயாதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் தள்ளிவிட்டது. நல்லெண்ணத்தைக் காட்டும் அடையாளமாக மட்டும் ஒருவர் உடலைச் சோதிக்கலாகாது என்றனர். சட்டம் செய்ய வருகிறவனைச் சோதிக்கலாகாது என்று தீர்ந்தபின்னர், அச்சட்டத்தின்கீழ் கஞ்சிக்கு வருகிறவளைச் சோதிக்கலாம் என்று சிலர் எண்ணியது வேடிக்கையன்றோ?

பிளாரிடாவுக்குப்பின் பல மாகாணங்கள் சற்று விலகிய வழியைப் பின்பற்றின. எல்லோரையும் சோதியாமல், முதலில் எழுத்தில் வினாக்கள் கேட்டு, விடையினால் சந்தேகம் எழுந்தவர்களை மட்டும் பரிசோதிக்கலாயினர். யூட்டா மாகாணம் 2012-ல் இவ்வாறு தொடங்கியது. முதல் வருஷத்தில் 30,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. லாகிரி காணப்பட்டவர்கள் 12 பேர். ஆஸ்திரேலியாவிலும் 2017-ல் மூன்று இடங்களில் உதவி பெறும் 5,000 பேரைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று சர்க்கார் ஒரு மசோதா கொண்டுவந்தது. வைத்தியர்கள் பலர் எதிர்த்தனர். மீண்டும் மீண்டும் கொண்டுவந்தும் அது சட்டமாகவில்லை.

இனிப் பிரேரணையை ஆதரிக்கும் சகோதரர்களின் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, உழைத்து வரி கொடுப்பவனே பல தொழிற்சாலைகளில் பரிசோதனைக்கு உட்படும்போது, அவ்வரியைப் பெறுகிறவன் உட்படலாகாதா என்பது. அமெரிக்காவிலும் இதுவே பெரிதாகப் பேசப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆயின் தொழிற்சாலையில் பரிசோதனை வேண்டாதவன் வேறு தொழிலுக்குப் போகலாம். குழந்தைக்குப் பால் வேண்டி நிற்பவளுக்கு வேறு வாசல் ஏது? மேலும், சர்க்காரின் பணத்தைப் பெறுகிறவர் ஏழைகள் மாத்திரமா? குடியானவனுக்கு மானியம் உண்டு. ஆலை முதலாளிக்கு வரிச் சலுகை உண்டு. உத்தியோகஸ்தருக்குப் பென்ஷன் உண்டு. இவர்களை யாரும் சிறுநீர் கேட்பதில்லை. பெறுகிறவர் எல்லோரையும் விட்டு, வறியவரை மாத்திரம் கேட்பதே பிழை.

இரண்டாவது, குழந்தைகளின் உணவைப் பெற்றோர் குடித்துவிடுகின்றனரே என்பது. இது மெய்யான துன்பம். இதனை இல்லையென்று சொல்லுவோர் நம் தெருக்களில் நடந்து பாராதவர்கள். ஆனால் தந்தை பரிசோதனையில் தவறியதும் நாம் செய்யப்போவது யாது? உதவியை நிறுத்துவோம். அவன் குடியை நிறுத்துவானா? வீட்டில் இருந்த கொஞ்ச அரிசியும் போகும். மனைவியின் கழுத்தில் எஞ்சிய பொட்டுத் தங்கமும் போகும். தண்டிக்கப்பட்டவர்கள் குடியாதவர்களாகவே முடியும்.

மூன்றாவது, பரிசோதனைக்கு அஞ்சியாவது திருந்துவான் என்பது. இங்கே பரிசோதனையின் தன்மையைச் சற்று அறிய வேண்டும். கஞ்சாவின் சத்து உடலின் கொழுப்பில் தங்குவதாகலின், ஓயாது உபயோகித்தவனிடம் சில வாரங்கள் வரையிலும் சிறுநீரில் காணப்படும். கொக்கேயின் முதலிய கொடிய வஸ்துக்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். மதுவோ, சாதாரணப் பரிசோதனைக்கு ஒருநாள் பொழுதில் அகப்படாமற் போய்விடும். ஆகவே பரிசோதனைத் தேதி தெரிந்த குடியன் முதல்நாள் மாத்திரம் வாயைக் கட்டிக்கொண்டு, அத்தாட்சியை வாங்கி வந்து, அன்று மாலையே கடைக்குப் போகலாம். சர்க்கார் நிறுவனமே கடை வைத்து மது விற்கும் நம் மாகாணத்தில் அவன் நெடுந்தூரம் நடக்கவும் வேண்டியதில்லை. அத்தாட்சிப் பத்திரம் நம் மனத்துக்கு ஒரு திருப்தியைத் தருமேயன்றி, அவன் வீட்டுக்கு ஒரு நன்மையும் தாராது.

பிளாரிடாவிலேயே, மேற்சொன்ன சட்டத்துக்குப் பத்து வருஷங்களுக்கு முன்னர் ஒரு சிறு பரீட்சை நடத்தி, ஆராய்ச்சியாளரைக்கொண்டு ஆராய்வித்தனர். பரிசோதனையில் தவறியவர்களுக்கும் தவறாதவர்களுக்கும் வேலை தேடிக்கொள்வதிலும் சம்பாதிப்பதிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்றும், அப்பரிசோதனையை மாகாணம் முழுதும் விரிக்க வேண்டியதில்லை என்றும் அவர்கள் கூறினர். கைப்பணம் செலவிட்டுக் கேட்ட யோசனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு மாறாகச் சட்டம் செய்தனர்.

இவ்வளவும் அயல்நாட்டுக் கதை, நமது சங்கம் சர்க்கார் அன்று, நமக்கு நான்காம் திருத்தம் இல்லை என்று ஒருவர் கூறலாம். மெய்யே. நாம் கொடுப்பது நம் சொந்தப் பொருள். விரும்பிய நிபந்தனையை விதிக்கச் சட்டத்தில் நமக்குத் தடையில்லை. ஆனால் சட்டம் தடுக்காததெல்லாம் தர்மமாகிவிடாது. சர்க்கார் ஆபீஸில் சிறுநீர் கொடுத்தவளை அங்கே யாரும் அறியார். வெளியே வந்து கூட்டத்தில் கலந்துவிடுவாள். நம் சங்கத்திலோ எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவினர். கொடுப்பவர் மாமன், வாங்குகிறவள் மருமகள். அத்தாட்சி கேட்கப்பட்டது என்ற செய்தி கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் பேசப்படும். ஒரு பெண்ணுக்கு வரன் வரும்போது, அவள் தகப்பனுக்கு அத்தாட்சி கிடைக்கவில்லையாமே என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லுக்கு அஞ்சியே மானமுள்ள குடும்பங்கள் நம் வாசலுக்கு வாராமற் போகும். மானமற்றவன் எப்படியும் வந்துவிடுவான். யாருக்காக இந்நிதி ஏற்பட்டதோ அவர்களையே இவ்விதி விலக்கிவிடும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து மதுவைக் கடிந்தார். அதனைப் பொருட்பாலில் வைத்தார். ஈகைக்கு வேறோர் அதிகாரம் வகுத்து அறத்துப்பாலில் வைத்தார். இரண்டும் நமக்கு வேண்டியவை. குடியைக் கடிவது ஒரு கடமை. இல்லாதவர்க்குக் கொடுப்பது மற்றொரு கடமை. ஒன்றைச் செய்யாதிருப்பதற்கு மற்றொன்றைச் சாக்காகக் கொள்ளலாகாது.

ஆனால் பிரேரணையைத் தள்ளிவிட்டு வாளாவிருப்பதும் தகாது. குடியினால் கெடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகலின் அப்பிரேரணைக்குப் பதிலாக நான்கு யோசனைகளைச் சபையார்முன் வைக்கின்றோம்.

முதலாவதாக, மாத உதவியைக் குடும்பத்தின் தாய் கையிலோ, அவள் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கிலோ சேர்ப்பிக்கலாம். இரண்டாவதாக, மாணாக்கரின் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் பள்ளிக்கூடத்துக்கே நேரில் செலுத்திவிடலாம்; அது குடிக்கடைக்குப் போகும் வழியே இராது. மூன்றாவதாக, தர்ம நிதியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, குடியை விட விரும்பும் எவரையும் நல்ல வைத்தியசாலையில் சேர்த்துச் சிகிச்சை செய்விக்கலாம். சிகிச்சைக் காலத்தில் அவன் கூலி நின்றுபோவதால், அக்குடும்பத்துக்கு உதவியைக் குறைக்காமல் கூட்டியே கொடுக்க வேண்டும். குடி ஒரு வியாதியென்று வைத்தியர் கூறுகின்றனர். வியாதிக்காரனுக்குச் செய்வதை இவனுக்கும் செய்வோம். நான்காவதாக, ஒரு வீட்டைப்பற்றி மெய்யான கவலை எழுமாயின், அவ்வூர்ப் பெரியவர் ஒருவரும் வயதில் மூத்த தாய் ஒருவரும் அவ்வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உறவு முறையில் பேசட்டும். பேசியது அவ்வீட்டைவிட்டு வெளியே வரலாகாது. பரிசோதனைச் சாலையால் ஆகாத காரியம், சிற்றப்பன் சொல்லால் ஆவதுண்டு.

இவற்றுக்கும் செலவு உண்டு. நூறு பேரைச் சோதித்து மூவரைப் பிடிக்கும் செலவைக் காட்டிலும், அம்மூவரைக் குணப்படுத்தும் செலவு தக்க செலவென்று எண்ணுகின்றோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. பிரேரணையை வற்புறுத்தியே தீர வேண்டுமென்று சபையார் கருதுவராயின், ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். நிதியைப் பெறுவோர் மாத்திரமன்றி, நிதியை நிர்வகிக்கும் கமிட்டியாரும், பிரேரணையில் கையொப்பமிட்டோரும், இம்மேடையில் வீற்றிருக்கும் நாம் யாவருமே முதலில் அப்பரிசோதனையைச் செய்துகொண்டு, அத்தாட்சிகளை இச்சஞ்சிகையில் வெளியிடுவோமாக. அதற்கு நாம் இசையோமாயின், நமக்குக் கூசுகின்றது பிறர்க்கும் கூசும் என்பதை அறிந்து, பிரேரணையை மீட்டுக்கொள்வதே முறையாகும்.

இதனை ஆலோசித்து வாக்களிக்கும்படி சபையாரை மிக்க வணக்கத்துடன் கேட்டுக்கொள்கின்றோம்.